பார்வதியின் இலையில் மொஹிங்கா

1

மௌல்மேனில் இருக்கும் நம்மவர்களுக்கு முதலில் ஒன்று: நான் சாகவில்லை. தென்காசியில் இருக்கிறேன். பற்கள் பதினாலு மிச்சம். முழங்கால் வலி இடது பக்கம் மட்டும். உடம்பைப் பற்றிக் கேட்டு யாரும் கடிதம் போட வேண்டாம். இந்தத் தடவை எழுதுவதற்கு வேறு சங்கதி இருக்கிறது.

போன வாரம் என் மனைவி பார்வதிக்கு மூன்றாவது திதி முடிந்தது. இந்தப் பக்கத்தில் அன்றைக்கு இறந்தவருக்கு இலை போடுவார்கள். விளக்கேற்றி, புதுத்துணி வைத்து, அவருக்குப் பிடித்த பண்டங்களை எல்லாம் இலையில் படைப்பார்கள். பிறகு வீட்டார் உட்கார்ந்து அந்த இலையில் உள்ளதையே பகிர்ந்து சாப்பிட வேண்டும். மிச்சம் வைத்தால் இறந்தவரை அரைவயிற்றோடு அனுப்பியதாக அர்த்தம். நல்ல வழக்கம். எனக்கு அதில் ஒரு சண்டையும் இல்லை.

சண்டை இலையில் இருந்ததைப் பற்றி. முதல் வருஷமும் இரண்டாம் வருஷமும் என் மகள் தங்கத்தின் மாமியார், என் சம்பந்தியம்மாள் இசக்கியம்மாள், தன் கையாலேயே சமைத்துப் படைத்தாள். சோறு, சொதி, அவியல், இஞ்சிப் பச்சடி, முந்திரிக்கொத்து, அதிரசம், ஒரு செம்புத் தண்ணீர். எண்ணிப் பார்த்தேன், ஏழு. இந்த ஏழில் பார்வதி உயிரோடு இருந்தபோது தொட்டவை இரண்டு: சோறு, தண்ணீர்.

பார்வதியை உங்களில் பலருக்குத் தெரியும். அவள் பிறந்தது மௌல்மேனில். வாழ்ந்தது, செத்தது எல்லாம் அங்கேதான். எங்கள் தெருவில் டோ மியா என்ற பர்மிய அம்மாள் விடிந்ததும் காவடித் தூக்கில் சேவையும் மீன்குழம்புமாக மொஹிங்காப் பானையைக் கொண்டுவந்து இறக்குவாள். பார்வதி முதல் ஆளாகக் குட்டை முக்காலியில் உட்கார்ந்து கிண்ணத்தை வாங்குவாள். வெள்ளிக்கிழமை மட்டும் விரதம். முப்பத்து மூன்று வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் பத்தாயிரம் கிண்ணத்துக்குக் குறையாது. அப்படிப்பட்டவள் வருஷத்துக்கு ஒரு நாள் இத்தனை தூரம் கடல் தாண்டி வந்து, முன்பின் தெரியாத அவியலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாள்.

மூன்றாவது வருஷமும் அப்படி நடக்க விடமாட்டேன் என்று சித்திரை மாதமே தீர்மானம் செய்துவிட்டேன்.

2

என்னைப் பற்றித் தெரியாத இளவட்டங்களுக்காக இரண்டு வார்த்தை. என் அப்பாவுக்குத்தான் ஊர் தென்காசி. நான் பிறந்தது மௌல்மேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது வரை படித்துவிட்டு, சால்வீன் ஆற்றில் மிதந்து வரும் தேக்கு மரங்களை மரவாடியில் எண்ணிக் குறிக்கும் வேலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். எண்ணும் பழக்கம் அங்கே பிடித்தது. பார்வதி போன பிறகு, ஒரே மகள் இருக்கும் ஊர் என்று அறுபத்து நாலாவது வயதில் இங்கே வந்தேன். 'ஊருக்குத் திரும்பி வந்துட்டீரே, சந்தோசம்' என்று இதுவரை நாற்பது பேராவது சொல்லியிருக்கிறார்கள். வராத ஊருக்கு ஒருவன் எப்படித் திரும்ப முடியும்? இது எனக்கு வெளிநாடு. தமிழ் பேசும் வெளிநாடு.

மகளின் வீட்டில் தங்குவது இங்கே கௌரவமில்லை என்பதால் அதே தெருவில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். அங்கிருந்து அவள் வாசலுக்கு நாற்பத்தாறு அடி. சாப்பாடு அவள் வீட்டிலிருந்து வருகிறது. பேரப்பிள்ளைகள் இருவர். பர்மிய எண்களைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று பார்த்தேன். தித், நித், தோன் வரை வந்தார்கள். அதற்குமேல் அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

சாப்பாட்டுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தென்காசியில் காபி கிளப்புகள் மட்டும் ஒன்பது இருக்கின்றன. செங்கோட்டை ஸ்டேஷன் பக்கம் போனால் மலையாளத்தார் கடையில் புட்டும் கடலையும். சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தைக் கேட்கவே வேண்டாம். சாரலில் நனைந்துகொண்டு அருவியிலிருந்து கடைத்தெரு வரை ஒரு நாள் நடந்தேன். வடக்கத்திச் சேட்டு வீட்டுச் சமையல்காரன் ரொட்டி சுடுகிறான். வெள்ளைக்கார துரை பங்களாவில் பட்லர் எதையோ வெண்ணெயில் பொரிக்கிறான். வெள்ளைக்காரன் குளிக்க வந்தால் அவன் ஊர்ச் சாப்பாடு கூடவே வருகிறது. அதை யாரும் குறை சொல்லவில்லை. நான் என் ஊர்ச் சாப்பாட்டைக் கேட்டால் மட்டும், 'வயசான காலத்துல நாக்கை அடக்கும்' என்று உபதேசம். வேட்டி கட்டுகிறேன், திருநீறு பூசுகிறேன், இந்த ஊர்க் கோயில் வாசலில் வீசும் பேர்போன காற்று ஆளைத் தள்ளினால் எல்லாரையும்போல் ரசிக்கிறேன். ஊருக்கு இவ்வளவு போதும். நாக்கை நான் எழுதிக் கொடுக்கவில்லை.

மொஹிங்காவுக்குச் சாமான் பதினொன்று. அரிசிச் சேவை வேண்டும். இங்கே இடியாப்பம் இருக்கிறது. கெளுத்தி மீன், சிற்றாற்றில் இருக்கிறது. வாழைத்தண்டை இங்கே மாட்டுக்குப் போடுகிறார்கள். வாசனைப்புல் குற்றாலத்து மலைச்சரிவில் சும்மா முளைத்துக் கிடக்கிறது. இஞ்சிப்புல் என்கிறார்கள், தைலம் காய்ச்சுகிறார்களே தவிர அதைக் குழம்பில் போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இஞ்சி, பூண்டு, வெங்காயம், மஞ்சள், எலுமிச்சை, வறுத்தரைத்த அரிசி. ஆகப் பத்து. பத்தும் கண்முன்னே கிடக்க, மொஹிங்கா மட்டும் இல்லை. பதினோராவது ஙப்பி. மீனையும் உப்பையும் இடித்து, மாதக்கணக்கில் புளிக்க வைத்த அந்த விழுது இல்லாவிட்டால் மொஹிங்கா வெறும் மீன்குழம்பு. ங என்ற எழுத்தை இங்கே எல்லாப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். அதில் தொடங்கும் சாமான் நம் ஊரில்தான் இருக்கிறது.

ஙப்பி வேண்டுமென்று டோ மியாவிடம் சொல்லச் சொல்லி உங்களில் ஒருவருக்கு எழுதிப் போட்டேன். அவள் பார்வதிக்கு என்றதும் தன் ஜாடியிலிருந்தே எடுத்து, தகர டப்பாவில் அடைத்து அனுப்பிவிட்டாள்.

3

டப்பா வந்து சேர்ந்தது. கையில் கிடைக்க மூன்று தடவை தபாலாபீசுக்கு நடந்தேன். பர்மாவைத் தனியாகப் பிரித்த பிறகு அங்கிருந்து வருவதெல்லாம் அந்நிய நாட்டுச் சரக்காம். அதற்குப் பாரம் என்று ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். குமாஸ்தா நல்ல பையன், பொறுமையாகத்தான் கேட்டான்.

"என்ன பொருள்னு எழுதணும் அண்ணாச்சி."

"ஙப்பி."

"அப்படின்னா?"

"மீன் விழுது."

"மருந்தா, சாப்பாடா?"

"சாப்பாடு."

அவன் டப்பாவை மூக்கருகே கொண்டுபோய்ச் சட்டென்று தூர வைத்தான். "மருந்துன்னு போடட்டா? அதுக்குத்தான் பொருந்தும்."

"சாப்பாடுன்னே போடும்."

"எந்த நாட்டுச் சரக்கு? பர்மா. சரி. அந்நிய நாடு."

"நான் பொறந்த ஊரு வே அது. எனக்கு எப்படி அந்நிய நாடாகும்?"

"அப்ப நீரும் அந்நிய நாட்டுச் சரக்குதான். நல்ல வேளை, ஒமக்குப் பாரம் கேக்கல" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கினான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பல் துலக்கியதும் சாப்பிட்ட பண்டம், நான் இடம் பெயர்ந்து மூன்று வருஷம் கழித்து, எங்கோ யாரோ போட்ட கையெழுத்தால் வெளிநாட்டுச் சாப்பாடாகிவிட்டது. இருந்தாலும் டப்பா கைக்கு வந்துவிட்டது. திதிக்கு இன்னும் ஒன்பது நாள். என் அறையில் எலித்தொல்லை. அதனால் தங்கத்தின் வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்தில் உறியில் ஏற்றி வைத்தேன்.

அதுதான் நான் செய்த பிழை.

4

மறுநாள் காலையில் குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டு, ஒரு கட்டு வாசனைப்புல்லோடு திரும்பி வந்தேன். உறி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மாள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க டப்பா கெட்டுப்போயில்லா வந்திருக்கு. மூடி உப்பிக் கெடந்திச்சேன்னு திறந்தேன், வாடை ஆளத் தூக்கிட்டு. வயசான மனுசன் தெரியாமத் தின்னு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்லுதது? தென்னை மூட்டுல குழி தோண்டிப் போட்டுட்டேன்."

இங்கே கெட்டுப்போன மீனைத் தென்னைக்குத்தான் உரமாகப் போடுவார்கள். அவள் தன் கணக்கில் எனக்கு ஒரு நன்மையும் தென்னைக்கு ஒரு நன்மையும் செய்திருக்கிறாள்.

"அது கெட்டுப்போகல, தங்கச்சி. அது அப்படித்தான் இருக்கும்."

"நல்லா இருக்கையிலயே இப்படின்னா, கெட்டுப்போனா எப்படி இருக்கும்?"

 நான் விடவில்லை. "நீங்க கருவாடு திங்கிறதில்லையா?"

"கருவாடு காஞ்சது அண்ணாச்சி. இது அழுவுனது." அவள் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனாள். வழக்கு முடிந்துவிட்டது.

தங்கம் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் இடையே பத்தடிகூட இல்லை.

"நீ இங்கதானே இருந்தே?"

"இருந்தேன்."

"மூடி திறந்ததும் உனக்குத் தெரிஞ்சிருக்குமே, அது நல்லாத்தான் இருக்குன்னு."

"தெரிஞ்சுது."

"பின்னே ஏன் சொல்லல?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "அப்பா, நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த முதல் மாசம், நீங்க பெட்டியில வச்சுக் குடுத்த ஙப்பியை மாங்காய்க்குத் தொட்டுத் தின்னேன். அன்னைக்கு இந்தத் தெருவுல எனக்கு ஒரு பேரு வச்சாவ. என்ன பேருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேண்டாம். அந்தப் பேரு அழிய ஒன்பது வருசம் ஆயிருக்கு. இப்பத்தான் தண்ணி எடுக்கப் போனா 'தங்கம்'னு கூப்பிடுதாவ. நீங்க ஒரு நாள் அம்மாவுக்குச் சமைச்சுப் படைச்சிட்டு உங்க ரூமுக்குப் போயிருவீங்க. மறுநாளும் நான் இந்தத் தெருவுலதான் தண்ணி எடுக்கணும்."

மௌல்மேனில் பர்மியப் பிள்ளைகளோடு பர்மியப் பிள்ளையாகத் திரிந்தவள் இவள். இப்போது பேச்சில் முக்கால்வாசி இந்த ஊர் வந்துவிட்டது. நான் இங்கே வந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பாஷை அவள் வாயில் வந்து கேட்டதில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை, புதைத்து வைத்திருக்கிறாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அது எனக்கு அங்கே நிற்கும்போதே தெரிந்தது. பிடிவாதக்காரன் என்று என்னை நீங்கள் சொல்லலாம், நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் என் வாயில் வந்தது இதுதான்:

"உங்கம்மா உன் வீட்டுக்கு வந்து வருஷா வருஷம் பட்டினியாப் போறா, தங்கம்."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திதிக்கு எட்டு நாள் இருந்தது.

5

அந்த எட்டு நாளில் ஆறு நாள் குற்றாலத்துக்குப் போனேன். குளிக்க அல்ல. சீசனுக்கு வந்தவர்களில் கடல் தாண்டிப் போன களை தெரிகிறவர்களை எல்லாம் நிறுத்தி, ஙப்பி இருக்கிறதா என்று கேட்டேன். பதினெட்டுப் பேரிடம் கேட்டேன். இரண்டு பேர் என்னைப் பைத்தியம் என்று ஒதுங்கிப் போனார்கள். பதினெட்டாவது ஆள் துண்டைப் பிழிந்துகொண்டே, "கடையநல்லூர்ல மைதீன் பிச்சைன்னு ஒருத்தரு, பினாங்குல நாப்பது வருசம் இருந்துட்டு வந்தவரு. அவருகிட்டக் கேட்டுப் பாரும்" என்றார்.

மறுநாள் பஸ் ஏறினேன். தறிச்சத்தம் இருபக்கமும் கேட்கும் தெருவில் அவர் வீடு. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். வந்த காரியத்தைச் சொன்னதும் வாசலை ஒரு பார்வை, அடுக்களையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். மரப்பெட்டியைத் திறந்தார். துணி, காகிதம், மறுபடி துணி என்று ஏழு சுற்றைப் பிரித்தார். உள்ளே சோப்புக்கட்டியில் பாதி அளவுக்குக் கறுத்த ஒரு கட்டி.

"பிளாச்சான்" என்றார். "கூனி இறால்ல செய்யுதது. ஒம்ம ஙப்பிக்கு இது அண்ணன்."

"தம்பி" என்றேன்.

"அண்ணன் வே. ஙப்பி நானும் தின்னுருக்கேன்."

அவருடைய பொருள் என்பதால் அதற்குமேல் வாதாடவில்லை. ஆனால் தம்பிதான்.

"இத வச்சு என்ன சமைக்கீரு?" என்று கேட்டேன்.

"சமைக்கவா? வீட்டுல விடுவாளா? எம்மவன் சொல்லுதான், 'வாப்பாவுக்குப் பினாங்குப் பைத்தியம்'னு. மாசத்துக்கு ஒரு தடவை பிரிச்சு மோந்து பாப்பேன். திரும்பக் கட்டி வச்சிருவேன். அவ்வளவுதான்."

 நானாவது சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறேன். இவர் பெட்டிக்குள் ஒளித்து வைத்து மோந்து பார்க்கிறார். இந்தப் பக்கத்தில் இப்படி இன்னும் எத்தனை பெட்டிகள் இருக்கும் என்று எண்ண வேண்டும்போல் இருந்தது.

அவர் கத்தியால் கட்டியைச் சரிபாதியாக வெட்டினார். என் பெருவிரலின் மேல்கணு அளவு எனக்கு. விலை என்ன என்று கேட்கப் போனவனைக் கையமர்த்தினார்.

"பொஞ்சாதி இலைக்குன்னு கேக்கீரு. ஒம்ம வாய்க்குன்னு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

6

திதியன்று என் அறைக்குப் பின்னால் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினேன். இடியாப்பம் கிளப்பிலிருந்து வாங்கியது. கெளுத்தி நாலு. வாழைத்தண்டை நானே நறுக்கினேன். மூன்று இடத்தில் விரலும் சேர்ந்து போனது. பத்துச் சாமானும் கொதித்துக்கொண்டிருந்தபோது, பதினோராவதை வாழையிலையில் மடித்துத் தணலில் சுட்டேன். அப்படிச் சுட்டால்தான் அது வாய் திறக்கும்.

திறந்தது. மௌல்மேனில் எங்கள் தெரு முழுவதும் என் அறைக்குப் பின்னால் வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கியது. புகை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பானையைத் தூக்கிக்கொண்டு நாற்பத்தாறு அடி நடந்தேன். வழியில் இரண்டு கதவுகள் சாத்திக்கொண்டன.

மருமகன் போலீஸ்காரர், சீசன் பந்தோபஸ்துக்குக் குற்றாலத்தில் நிற்கிறார், லீவு கிடைக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டில் சம்பந்தியம்மாளும் தங்கமும் மட்டும். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இலையில் வழக்கம்போல் ஏழும் இருந்தன. நடுவில் இடம் ஒதுக்கிக் கிண்ணத்தை வைத்தேன். சம்பந்தியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"அண்ணாச்சி, தென்னை மூட்டுல போட்டதத் தோண்டி எடுத்துட்டியளா?"

"இது வேற. கடையநல்லூர்லேருந்து வாங்கினது."

"இதையா இலையில வைக்கிய? செத்தவளுக்கு இது அடுக்குமா?"

"அவளுக்குப் பிடிச்சது இதுதான், தங்கச்சி. பத்தாயிரம் கிண்ணம் குடிச்சவ."

அவள் என்னை நம்பவில்லை. மருமகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி தங்கம், நெசந்தானா?"

தங்கம் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. அந்த வீட்டு அம்மாள்.

"ஏட்டி தங்கம், என்னட்டி இது நாத்தம்? தெருவே தூக்குது. எலி கிலி செத்துக் கெடக்கா?"

தங்கம் இலையைப் பார்த்தாள். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். அவள் 'ஆமா, எலிதான்' என்று சொல்லியிருந்தால் அவளை நான் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போய்த் தனியாக இலை போட்டிருப்பேன். ஏழு வரை எண்ணிவிட்டேன்.

"எலி இல்ல, பெரியம்மா" என்றாள் தங்கம். உரக்கவே சொன்னாள், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு வீட்டுக்குக் கேட்டிருக்கும். "எங்கம்மா வந்திருக்கா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கா."

தலை இறங்கிவிட்டது.

சம்பந்தியம்மாள் மருமகளைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு மூக்கிலிருந்து முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மூவரும் சூடம் காட்டிக் கும்பிட்டோம். இலை முன்னால் உட்கார்ந்தோம்.

தங்கம் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, எலுமிச்சையைப் பிழிந்து, அடிவரை குடித்தாள். பானையிலிருந்து இன்னொரு கிண்ணம் தானே ஊற்றிக்கொண்டாள். உண்மையைச் சொல்கிறேன்: அது சரியாக வரவில்லை. பிளாச்சான் லேசாக இனிக்கிறது, அரிசி மாவு கூடிக் குழம்பு கெட்டியாகிவிட்டது, இடியாப்பம் கரைந்துவிட்டது. பார்வதி இருந்தால் இந்த மூன்று குறையையும் சொல்லிவிட்டுத்தான் குடித்திருப்பாள். ஆனால் அது மொஹிங்கா. அதை யாரும் மறுக்க முடியாது.

சம்பந்தியம்மாள் தன் பங்கை ஒரு வாய் எடுத்தாள். முகம் சுருங்கியது.

"சவத்த, கொளத்துச் சேறு மாதிரில்லா இருக்கு."

"முடியலைன்னா வச்சிருங்க தங்கச்சி. நான் சாப்பிட்டுக்கிடுதேன்."

"அது எப்படி? செத்தவ இலையில மிச்சம் வைக்கப்பிடாது" என்று என்னை அதட்டிவிட்டு அடுத்த வாய் எடுத்தாள். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடினாள், ஒவ்வொன்றையும் விழுங்கினாள். மொத்தம் ஒன்பது வாய். கிண்ணத்தின் அடியில் இருந்ததை விரலால் வழித்து அதையும் தின்றாள். நம் ஆட்கள் ருசித்துக் குடித்ததை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். பிடிக்காத ஒருத்தி என் பார்வதிக்காக இப்படிச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. தென்னை மூட்டு ஞாபகம் வந்ததால் கும்பிடவில்லை.

அவள் எழுந்து போய் மூன்று செம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"வருசத்துக்கு ஒரு நாளுதானே அண்ணாச்சி?"

நான் பதில் சொல்வதற்குள், பானையை வழித்துக்கொண்டிருந்த தங்கம் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அத அப்புறம் பாப்போம், அத்தை."